மட்டக்களப்பிலிருந்து இசைத் தொழில்நுட்ப முதுமாணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து தம்பி தங்கைமார் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிப்பவர்கள், கல்முனையில் கொம்பியூட்டர் படித்தவர்கள், அக்கரைப்பற்றில் கலியாண வீடுகளுக்கு சவுண்ட் போடும் பிள்ளைகள் என்று பலர் கேட்கிறார்கள். நான் வாய்ப்பாட்டில் இளமாணி முடித்து, சில வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பிறகு வெளிநாட்டில் இசைத் தொழில்நுட்பத்தில் முதுமாணி செய்துவிட்டு ஊருக்கு வந்தவள். அப்போது எனக்கு இதையெல்லாம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா, இசைத் தொழில்நுட்பம் எண்டா ஸ்டூடியோவில மிக்ஸ் பண்ணுற வேலைதானே?

அது அதன் ஒரு கிளை மட்டும். பட்டப்பின் படிப்பில் பதிவும் மிக்சிங்கும் ஒரு பக்கம் இருக்க, ஒலியியல் என்று இன்னொரு பெரிய பக்கம் இருக்கிறது: ஒரு தோல், ஒரு தந்தி, ஒரு மண்டபம் ஏன் அப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பது. கணினிக்கு இசையைக் கேட்கப் பழக்குவது வேறொன்று. பாட்டைக் கொடுத்தால் சுருதி எது, தாளம் எங்கே விழுகிறது, இது என்ன ராகம் என்று அது சொல்ல வேண்டும். உணரிகளை வைத்துப் புது வாத்தியம் செய்பவர்களும், ஒலியையே கலைப்பொருளாக எடுத்து வேலை செய்பவர்களும் இதே துறையில்தான் இருக்கிறார்கள். விண்ணப்பிக்க முன்னர் இதில் எது உங்களை இழுக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் நடத்தும் படிப்பு உள்ளே முற்றிலும் வேறாக இருக்கும். ஆகவே பாடப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

நான் கர்நாடக சங்கீதம் படித்தவள். கணக்கை ஓ.எல். உடன் விட்டுவிட்டேன். எனக்குச் சரிவருமா?

நானும் அப்படித்தான் இருந்தேன். சரிவரும். ஆனால் கணக்கு இல்லாமல் சரிவராது. திரும்பப் படிக்க வேண்டும்.

எவ்வளவு கணக்கு என்று சொல்கிறேன். மடக்கை, சைன் வளைவு, சிக்கலெண், கொஞ்சம் தாயம் (மேட்ரிக்ஸ்). ஏ.எல். கணிதப் புத்தகத்தில் பாதிகூட வராது. மடக்கை எதற்கு? நீங்கள் ஏற்கெனவே பாடுவதை எண்ணில் எழுதத்தான். ஒரு ஸ்தாயியை 1200 சென்டாகப் பிரிக்கிறோம். கீபோர்டில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் தூரத்தில் இருக்கிறது. அதே காந்தாரத்தை 5/4 என்ற அதிர்வெண் விகிதத்தில் எடுத்தால் 386 சென்ட். அந்தப் பதினான்கு சென்ட் வித்தியாசம் பேப்பரில் சின்னது. தம்புராவைப் போட்டுவிட்டு, கீபோர்டின் காந்தாரத்தை ஒருமுறையும் உங்கள் குரலின் காந்தாரத்தை ஒருமுறையும் கேளுங்கள். எது சேர்கிறது, எது உரசுகிறது என்று உங்கள் காது உடனே சொல்லிவிடும். கணக்கு தெரிந்த பலருக்கு அந்தக் காது இல்லை. உங்களுக்கு இருக்கிறது. கணக்கைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம், காதை அப்படிச் சேர்க்க முடியாது.

இந்த வேலை எங்கள் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர். அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒரு கையிலும், சுருதிகளின் விகிதக் கணக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டு, வழக்கொழிந்துபோன யாழ்கள் எப்படி ஒலித்திருக்கும் என்று அவர் தேடினார். இன்றைக்கு அதே தேடலை ஒருவர் ஆய்வு முன்மொழிவாக எழுதினால் ஒலியியல் துறைதான் அதை வாங்கும். கல்லடியில் படிப்பவர்கள் அவர் பெயரைத் தாங்கிய நிறுவகத்திலிருந்து போகிறீர்கள். அந்த நூலின் கணக்குப் பக்கங்களைத் தாண்டிவிடாமல் ஒருமுறை பென்சிலோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

நான் பொறியியல் படித்தவன். சங்கீதம் முறையாகப் படிக்கவில்லை.

ஒலி ஆய்வுப் பக்கம் உங்களை எடுப்பார்கள். ஆனாலும் ஒரு வருஷமாவது ஏதாவதொரு வாத்தியத்தை ஒரு குருவிடம் படியுங்கள். தாளம் போடத் தெரியாதவர் எழுதிய தாளம் காணும் கணினி நிரலைக் கேட்டவுடனேயே தெரிந்துவிடும்.

எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம்?

நான் தேடிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன். இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் இசை மையம் இருக்கிறது. சொனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருள் அங்கே உருவானது. எடின்பரோ ஒலியியலுக்குப் பெயர் போனது. பெல்ஃபாஸ்டில் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒலிக்கலை ஆய்வு மையத்தில் ஒரு கூடம் உண்டு. அதில் நாம் நிற்கும் தளத்துக்குக் கீழேயும் ஸ்பீக்கர்கள் இருக்கும், ஒலி காலடியிலிருந்து எழும்பி வரும். யோர்க், ஹடர்ஸ்ஃபீல்ட் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட், ஜோர்ஜியா டெக், நியூயோர்க் பல்கலைக்கழகம், கனடாவில் மொன்றியல் மக்கில், டென்மார்க்கில் ஓல்போர்க்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் இடம் பார்சிலோனாவின் பொம்பியு ஃபாப்ரா பல்கலைக்கழகம். காரணம் இருக்கிறது. அங்குள்ள இசைத் தொழில்நுட்பக் குழு, சவியர் செர்ரா தலைமையில், 2011 தொடக்கம் சில ஆண்டுகள் கொம்ப்மியூசிக் என்ற திட்டத்தை நடத்தியது. மேற்கத்திய பொப் பாட்டுக்கென்று எழுதிய மென்பொருள் உலகத்தின் மற்ற இசைகளைப் புரிந்துகொள்வதில்லை என்பதுதான் அதன் தொடக்கப் புள்ளி. கர்நாடக இசை, ஹிந்துஸ்தானி, துருக்கிய மக்காம், பீஜிங் ஒபேரா, அரபு அந்தலூசிய இசை ஐந்தையும் எடுத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் சேர்ந்து வேலை செய்தது. அந்தத் திட்டத்தின் ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக வாசிக்கலாம். கமகத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று வாசிக்கும்போது, நீங்கள் வருஷக்கணக்காகப் பாடிய ஒன்றைப் பற்றி முன்பின் தெரியாத யாரோ அக்கறையோடு பேசுவதைக் காண்பீர்கள்.

ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒலித் தொடர்பாடல் முதுமாணி நல்லது, ஆனால் ஜேர்மன் மொழி வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் ஒதுக்க முடிந்தால் யோசியுங்கள்.

ஊரை விட்டுப் போக முடியாது. இங்கேயே செய்ய வழி இல்லையா?

இருக்கிறது, ஆனால் நீங்களே பாதி வழியைப் போட வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் நிலை, 30 கிரெடிற். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் நிலை, 60 கிரெடிற். முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. கலாநிதி வரை போகும் எண்ணம் இருந்தால் ஆய்வு உள்ளதைத்தான் பாருங்கள். இசைத்துறையில் ஒரு மேற்பார்வையாளர், கணினி அல்லது பௌதிகவியல் துறையில் இன்னொருவர் என்று இரண்டு பேரைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்கும் கல்லடிக்கும் இடையில் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். ஒரு பக்கம் எழுதிய தெளிவான முன்மொழிவோடு போனால் பேசுவார்கள். வெறுங்கையோடு போய் "ஏதாவது தலைப்புத் தாங்க சேர்" என்றால் யாராலும் உதவ முடியாது.

மூன்று வருஷப் பட்டத்தோடு போகலாமா?

மூன்று வருஷப் பட்டம் 5ஆம் நிலை, நான்கு வருஷச் சிறப்புப் பட்டம் 6ஆம் நிலை. வெளிநாட்டில் சில இடங்கள் மூன்று வருஷத்தையும் ஏற்கும், சில ஏற்காது. விண்ணப்பக் கட்டணம் கட்ட முன்னர் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் காசு இல்லை. புலமைப்பரிசில் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஒரு வருஷத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும். பிரித்தானியாவின் செவனிங் முழுச் செலவையும் ஏற்கும். அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்தபின் இரண்டு வருஷம் நாட்டில் இருக்க வேண்டும். ஆசிரியர் வேலையும் அனுபவம்தான். பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட், இந்தியாவுக்கு ஐ.சி.சி.ஆர். ஆகியவையும் இலங்கையருக்குத் திறந்திருக்கின்றன. ஐ.சி.சி.ஆர். மூலம் சங்கீதம் படிக்கப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் கனபேர். அவர்களில் ஒருவரைத் தேடிப் பேசுங்கள்.

அரச ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி விடுமுறைக்கான கோப்பை முதலில் நகர்த்துங்கள். என் கோப்பு ஒரு அலுவலகத்தில் மாதக்கணக்காக மேசையில் கிடந்தது. அனுமதிக் கடிதம் வந்தபோது சேரும் திகதி கடந்துவிட்டது. ஒரு முழு வருஷம் போனது. கோப்பின் இலக்கத்தைக் குறித்து வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்.

ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மணிக்கணக்காகப் பதில் சொல்வேன். வரும் முன்மொழிவுகளில் பாதி "செயற்கை நுண்ணறிவும் இசையும்" என்ற மாதிரி இருக்கிறது. அதை உலகத்தில் எவரும் எழுதலாம். உங்களைத் தவிர வேறு யாரால் எழுத முடியாதோ அதை எழுதுங்கள்.

உடுக்கை எடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் போயிருப்பீர்கள். உடுக்கு அடிப்பவரின் இடது கை நடு இடையில் இருக்கும் கயிறுகளை அழுத்தும்போது தோல் இறுகி ஒலி மேலே போகிறது, விட்டால் கீழே இறங்குகிறது. ஒரே அடிக்குள் சுருதி வளைகிறது. தாளவாத்திய அடிகளை இனங்காணும் மென்பொருள்கள் ஒரு அடிக்கு ஒரு நிலையான ஒலி என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. உடுக்கைக் கொடுத்தால் ஒரே அடியை இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணிவிடும். அதை எப்படித் திருத்துவது? இது ஒரு முதுமாணிக்குப் போதுமான கேள்வி.

தோலைப் பற்றி இன்னொன்று. வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேற்றொனிகள் ஒன்றுக்கொன்று முழுவெண் விகிதத்தில் வராது; அதனால் தெளிவான சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்புக் கரணை அந்த விகிதத்தை ஒழுங்காக்குகிறது என்று சி. வி. இராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். எங்கள் கூத்து மத்தளத்துக்கு அப்படி ஒரு அளவீட்டைச் செய்து பாருங்களேன். வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரிகளில் அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசான்கள்) மத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு, பிறகு அலைமாலையில் (ஸ்பெக்ட்ரம்) அது எங்கே தெரிகிறது என்று தேடலாம்.

கூத்தின் வேகமும் ஒரு தலைப்புத்தான். தாளக்கட்டில் ஆட்டம் ஏற ஏறக் காலமும் ஏறும். வேகம் காணும் மென்பொருள் அந்த இடத்தில் தடுமாறி, திடீரென்று இரண்டு மடங்கு அல்லது பாதி என்று எண் காட்டும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பொல்லடியும் றபானும் இருக்கின்றன. மட்டக்களப்பு நகரத்தில் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை இருக்கிறது. இவை எதையும் நான் படித்த இடத்தில் ஒருவரும் கேட்டதே இல்லை. என் பேராசிரியர் உடுக்குப் பதிவைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து "திரும்பப் போடு" என்றார். நான் சொன்ன வேறெதற்கும் அவர் அப்படி உட்காரவில்லை.

பதிவுகளை எப்படிச் செய்வது? போன் போதுமா?

பழகப் போதும், ஆய்வுக்குப் போதாது. முதன்முதல் நான் ஒரு கூத்து வட்டக்களரியில் போனை வைத்துப் பதிந்தேன். வீட்டில் கேட்டபோது மத்தளத்தின் ஒவ்வொரு அடிக்கும் அண்ணாவியாரின் குரல் அமுங்கிப்போய், அடுத்த கணம் மெல்ல எழும்பியது. போன் தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது. களரியில் மயிர்க்கூச்செறிய வைத்த ஏற்ற இறக்கம் முழுவதும் பதிவில் தட்டையாகிப் போயிருந்தது.

அளவைக் கையால் வைக்கக்கூடிய சிறிய ரெக்கோடர் ஒன்றை இரவல் வாங்கியாவது எடுங்கள். உச்ச அடி கழித்தல் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கட்டும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் குறைந்தபட்சம். ஆவணமாக வைக்க நினைத்தால் 96. சல்லரித் தாளத்துக்குப் பக்கத்தில் மைக்கை வைக்கவே வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் அது மூடிவிடும். கோயிலில் ஜெனரேற்றரும் லைற்றும் இருந்தால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஏறும், வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்து ஓட விடாதீர்கள். கடற்கரை ஊர்களில் காற்றுத்தான் பெரிய எதிரி. மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்.

அண்ணாவியாரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வாங்காமல் தொடவே வேண்டாம். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், இணையத்தில் போகுமா என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்குங்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவும் இதைக் கேட்கும். குளிர்த்திச் சடங்கில் பதியக் கூடாத பகுதிகள் இருக்கும். சடங்கை நடத்தும் கட்டாடியார் "இது வேண்டாம் புள்ள" என்றால் ரெக்கோடரை நிறுத்திப் பைக்குள் வையுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கள் அப்பப்பா பாடிய கூத்து கசெற்றுகள் ஒரு பிஸ்கட் பேணிக்குள் இருந்தன. 2004 மார்கழி 26 அன்று வீட்டோடு கடல் எடுத்துக்கொண்டது. இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை. அதனால்தான் பிரதிகளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். ஒன்று உங்களிடம், ஒன்று கலைஞரிடம், அவர் சம்மதித்தால் ஒன்று நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் போன்ற பொது ஆவணத் தளத்தில்.

என்ன லெப்டொப், என்ன மென்பொருள்?

ரேம் 16 ஜிகாபைட் உள்ள எந்த லெப்டொப்பும் போதும். ஸ்பீக்கருக்குச் செலவழிக்க முன்னர் காதை முழுவதும் மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். பதிய ஓடாசிற்றி, ஒலியை அளந்து பார்க்கச் சொனிக் விஷுவலைசர், பிராட், ஒலியை உருவாக்கப் பியுவர் டேற்றா, சுப்பர்கொலைடர் எல்லாம் இலவசம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பரீட்சித்துப் பார்க்கலாம். பைதன் மொழியும் அதில் லிப்ரோசா என்ற தொகுதியும் பழகுங்கள். பொம்பியு ஃபாப்ராவும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து கோர்செராவில் நடத்தும் இசைக்கான ஒலிச் சமிக்ஞைப் பாடநெறி பத்துக் கிழமை. நான் அதை இரண்டு முறை செய்தேன். முதல் முறை ஐந்தாம் கிழமையோடு நின்றுவிட்டது, கணக்கைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து முடித்தேன். களவாக எடுத்த மென்பொருளில் செய்த வேலையை விண்ணப்பத்தில் காட்ட வேண்டாம்.

விண்ணப்பத்தோடு என்ன அனுப்புவது?

மூன்று வேலை போதும், பத்து வேண்டாம். நீங்கள் பதிந்து மிக்ஸ் செய்த ஒன்று, நீங்கள் எழுதிய சிறு நிரல் ஒன்று, ஒரு ஒலியை அளந்து இரண்டு பக்கத்தில் விளக்கிய ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என்ன பிழைத்தது, எப்படித் திருத்தினேன் என்று நாலு வரி சேருங்கள். பரிந்துரைக் கடிதத்தை உங்கள் வேலையைக் கண்டவரிடம் கேளுங்கள். பதவி பெரிதென்று உங்களைத் தெரியாதவரிடம் வாங்கினால் அந்தக் கடிதத்தில் உங்கள் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்காது.

ஆங்கிலம்?

பல இடங்களில் ஐ.ஈ.எல்.ரி.எஸ். 6.5 கேட்பார்கள். பேச்சை விட எழுத்துத்தான் எங்கள் பிள்ளைகளை விழுத்துகிறது. இஸ்மிர் என்ற இசைத் தகவல் மாநாடு 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது, கட்டுரைகள் இலவசம். கிழமைக்கு ஒன்றை வாசித்து, அதன் சுருக்கத்தை உங்கள் ஆங்கிலத்தில் பத்து வரியில் எழுதுங்கள்.

முடித்து வந்தால் இங்கே வேலை இருக்கா? அம்மா கேக்காங்க.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "இசைத் தொழில்நுட்பவியலாளர் தேவை" என்று இங்கே பத்திரிகையில் விளம்பரம் வராது. ஆசிரியராக இருப்பவர்கள் அந்த வேலைக்கே திரும்புகிறார்கள். பல்கலைக்கழக விரிவுரைக்கு முதுமாணி உதவும். ஒலிச் சமிக்ஞை தெரிந்தவருக்கு இசைக்கு வெளியிலும் வேலை உண்டு. தமிழ்ப் பேச்சைக் கணினி எழுத்தாக்குவதற்கும், கணினி தமிழில் பேசுவதற்கும் அதே கணக்குத்தான் வேண்டும். என் வருமானத்தில் பாதி வீட்டிலிருந்தே வெளிநாட்டவருக்குச் செய்யும் ஒலித் திருத்த வேலை, மற்றப் பாதி படிப்பிப்பது. வசதியான வாழ்க்கை என்று சொல்லமாட்டேன், நடக்கிறது. பெண் பிள்ளையைத் தனியே அனுப்பப் பயப்படும் பெற்றோர் என்னோடு பேச விரும்பினால் கூட்டி வாருங்கள், வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசுவோம்.

பாடும் மீனை ஆய்வாக எடுக்கலாமா?

எடுக்கலாம், நல்ல கேள்வி அது. மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து இரவில் கேட்கும் அந்தப் பாட்டைப் பாடுவது மீனா, ஊரியா (நத்தை போன்ற ஓட்டுயிர்) என்ற வாதமே இன்னும் தீரவில்லை.

பெரியவர்கள் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார்கள். அதில் சரியான பௌதிகவியல் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் ஒலி நேரே காற்றுக்கு வரும்போது அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது, மீதி மேற்பரப்பில் தெறித்து உள்ளேயே போகிறது. துடுப்பின் மரம் அந்த எல்லையைத் தாண்டி ஒலியைக் காதுவரை கொண்டு வருகிறது. இன்று துடுப்பின் இடத்தில் நீரொலிவாங்கி. அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், கடையில் விற்கும் பீசோ தகடு ஒன்றை வயரோடு ஒட்டி, தண்ணீர் போகாமல் ரப்பரால் மூடினால் முதல் பரிசோதனைக்குப் போதும். ஆனால் உள்ளீட்டுத் தடை மிக உயர்ந்த முன்பெருக்கி ஒன்று இடையில் வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் எல்லாம் தொலைந்துபோகும்.

பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் வாகன இரைச்சல் தூண்கள் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆகவே பாலத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, பறுவத்தை ஒட்டிய இரவுகளில், நடுச்சாமத்துக்குப் பிறகு போங்கள். அமாவாசைக் கிட்டவும் ஒரு இரவு பதிய வேண்டும், ஒப்பிட அது இல்லாவிட்டால் நிலவுக்கும் பாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று உங்களால் எழுத முடியாது. எஞ்சின் வள்ளம் வேண்டாம், தோணிக்காரரிடம் இரண்டு நாளைக்கு முன்னரே சொல்லி வையுங்கள். அவர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடியில் வைத்தபிறகு பதிவைத் தொடங்குங்கள்.